காவல் நிற்பவனோடு பேசக்கூடாது

1

எங்கள் ரயில் கம்பனியை அரசாங்கம் பொறுப்பெடுத்த அன்று காலை கேக் வெட்டினார்கள். ஊழியர் தேநீர் குடிக்கும் அறையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளை ஐசிங்கில் ஒரு ரயில் வரைந்த கேக். ரயிலின் விலாவில் கம்பனிப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. புதுப் பெயர் என்னவென்று கேக் செய்தவருக்கு ஒருவரும் சொல்லவில்லையாம்.

லண்டனுக்குத் தெற்கே ஒரு நடுத்தர ஸ்ரேசனில் நான் மேடை ஊழியன். ஆட்கள் ஏறிவிட்டார்களா, கதவு பூட்டியதா என்று பார்த்து ரயிலை அனுப்பிவைக்கிறவன். இந்த நாட்டு ரயிலோடு இருபது வருஷத்துக்கு மேலாக மாரடிக்கிறேன். சட்டையில் குத்தியிருக்கும் 'லோறன்ஸ்' என்ற என் பெயர் மாறவில்லை. அதன் மேலே இருக்கும் கம்பனியின் பெயர் நாலு தரம் மாறிவிட்டது. ஒவ்வொரு தரமும் புதுச் சட்டை தந்தார்கள், ஒவ்வொரு தரமும் கழுத்து இறுக்கமாகவே இருந்தது.

ரிக்கற் கவுண்டரில் இருக்கும் பீற்றர் கத்தியை என்னிடம் நீட்டினான். "நீ வெட்டு, நீயே நாலு வார்த்தை பேசு. ரயில் மக்களுடைய சொத்தாக இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லித்தானே இத்தனை வருஷமும் எங்கள் உயிரை வாங்கினாய்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சொன்னது உண்மை. நான் பேசுகிற ஆள். ஒரு பிள்ளையின் முதல்நன்மை விருந்தில் பேசியிருக்கிறேன், தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் பேசியிருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொன்னால் செத்தவீடுகளில்கூடப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. நன்றி என்று சொல்லி ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு ரயில் மேடைக்குப் போய்விட்டேன்.

காரணம் என் தம்பி ஜெறோம். மன்னார்த் தீவில், பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே, ஒரு மணல் றோட்டு ரயில் பாதையைக் கடக்கிற இடத்தில் கொடி பிடித்து நின்றவன். அந்த இடத்திலேயே ரயில் அடித்துச் செத்தான். அது அரசாங்க ரயில். அவனுடைய சாவுக்கு யார் யார் பொறுப்பு என்று நான் பேசாத மேடை இல்லை. பேசிய எல்லா இடத்திலும் ஒரு ஆளின் பெயரை மட்டும் விட்டுவிட்டுத்தான் பேசியிருக்கிறேன்.

2

இங்கே வந்த புதிதில் எனக்கு மேடை வேலை இல்லை. பாதை திருத்துகிறவர்களுக்குக் காவல் நிற்கிற வேலை. ஆறு பேர் குனிந்து கல் அள்ளுவார்கள், தண்டவாளத்தின் ஆணியை இறுக்குவார்கள். ஏழாவது ஆள் குனியக்கூடாது, எதையும் தொடக்கூடாது. ரயில் வரும் திசையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். ரயில் கண்ணில் பட்டதும் கையில் இருக்கும் ஹோனை ஊத வேண்டும். ஆறு பேரும் கேட்டதற்கு அடையாளமாக ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு விலகுவார்கள். ஆறு கையும் எழும்பும் வரைக்கும் ஊதுவதை நிறுத்தக்கூடாது.

பயிற்சியில் முதல் நாள் முதல் பாடம், காவல் நிற்பவனோடு யாரும் பேசக்கூடாது என்பது. அவனிடம் நேரம் கேட்கக்கூடாது. தேநீர் நீட்டக்கூடாது. மேலதிகாரியே வந்தாலும் அவனுக்குக் காலை வணக்கம் சொல்லக்கூடாது. அவனிடம் போன் இருக்கவே கூடாது. ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் முதலில் ஆறு பேரையும் பாதையை விட்டு வெளியே எடு, பிறகு சொல். சில வருஷத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தியதே நான்தான். 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்வதுபோல நித்திரையிலும் சொல்வேன்.

அந்தக் காலத்தில் நான் யாருடைய ஆள் என்று எனக்கே தெரியாது. தண்டவாளம் ஒருவருடையது. அதில் ஓடும் ரயில் இன்னொருவருடைய பெயரில். பெட்டிகளோ வாடகைக்கு எடுத்தவை, அவற்றின் சொந்தக்காரர் ஒரு வங்கி போன்ற இடம். பாதை திருத்துவது நாலாமவர் எடுத்த குத்தகை. அவருக்கு ஆள் கொடுத்தது ஓர் ஏஜென்சி. அந்த ஏஜென்சியின் கணக்கில் நான் சுயமாகத் தொழில் செய்கிற ஒருவன். ஒருநாள் பனிமூட்டத்தில் ரயில் தெரியப் பிந்திவிட்டது. நான் ஊதினேன். ஐந்து கைகள்தான் எழும்பின. ஆறாவது ஆளின் சட்டையை ரயில் உரசிக்கொண்டு போனது. ஆள் தப்பினான், இரண்டு நாள் பேச்சு வரவில்லை.

விசாரணைக்கு ஒரு படிவம் தந்தார்கள். 'உமக்கு வேலை தருபவர் யார்' என்று அதில் ஒரு கட்டம். ஒரு பெயரை எழுதினேன், அவர்கள் இல்லை என்றார்கள். வெட்டிவிட்டு இன்னொன்று எழுதினேன். வெட்டு விழுந்த படிவம் செல்லாது என்று புதுப் படிவம் தந்தார்கள். மூன்றாவது படிவத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு முதலாளி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதிருந்த ஆங்கிலத்தில் அது "நான் யாருக்கும் சொந்தமில்லை ஐயா" என்று வந்தது. அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படித் துண்டு துண்டாக விற்றுத் தின்கிறவர்களிடம் ரயிலைக் கொடுக்கக்கூடாது என்று அன்றைக்கு மனதில் முடிவெடுத்தேன். அது இன்றைக்கும் மாறவில்லை.

3

ஆனால் நான் பிறந்த ஊரின் பாதை முழுக்க முழுக்க அரசாங்கத்தின் சொத்து. அதற்கு என்ன நடந்தது என்பதை மேடைகளில் நான் சொல்வதில்லை.

சண்டை முற்றி, ஊரில் நாங்கள் கோச்சி என்கிற ரயில் நின்ற பிறகு பாதை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. ஆயுதம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் பங்கர் கட்டத் தண்டவாளத்தையும் அதைத் தாங்கிய சிலிப்பர் கட்டையையும் கழற்றினார்கள். ஆயுதம் இல்லாதவர்கள் மிச்சத்தை எடுத்தார்கள். ஒரு முழத் தண்டவாளம் பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கியது. எங்கள் அப்பா கடற்தொழில் செய்தவர். வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைக்க இரண்டு சிலிப்பர் கட்டை எடுத்தார். ஒரு தலைப்பை நான் பிடிக்க, மற்றத் தலைப்பை ஜெறோம் பிடித்தான்.

"அப்பா, இது கவுண்மென்ற் கட்டையெல்லோ?" என்று அவன்தான் கேட்டான்.

"கவுண்மென்ற் எண்டால் ஆரடா? நாங்கள்தானே. தூக்கு" என்றார் அப்பா.

அதன்பிறகு நான் நாட்டை விட்டு வெளியேறினேன். கிட்டத்தட்டக் கால் நூற்றாண்டு அந்தப் பாதையில் ரயில் ஓடவில்லை. தண்டவாளம் போன மண்மேடு ஊருக்கு நல்ல றோட்டாகிவிட்டது. மாரி வெள்ளத்திலும் தாழாத றோட்டு. சனம் அதில் சைக்கிள் ஓடியது, கருவாடு காயப்போட்டது. கழுதைகள் குடும்பமாகப் படுத்துக்கிடந்தன. யுத்தம் முடிந்து முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் மேட்டுக்கு இரண்டு பக்கமும் கொட்டில் போட்டு, வேலி அடைத்து, தங்கள் வசதிக்கு நடந்து நடந்தே குறுக்குப் பாதைகளை உண்டாக்கினார்கள். ரயிலைக் கண்ணால் காணாத பிள்ளைகள் வளர்ந்து கலியாணமும் முடித்துவிட்டார்கள்.

இந்த ஊருக்குத்தான் ஒருநாள் புதுத் தண்டவாளம் வந்தது. கொங்கிறீற் கட்டை, கருங்கல், நேரான பாதை. மாலை போட்ட எஞ்சின் தலைமன்னார் வரைக்கும் போனபோது சனம் கைதட்டியது. இங்கே நான் அன்றைய படம் ஒன்றைப் பெரிதாக்கி வீட்டுச் சுவரில் மாட்டினேன். அதில் பிள்ளைகள் தண்டவாளத்தின் மேலேயே நின்று கைகாட்டிக்கொண்டு இருந்தார்கள். எத்தனை தரம் பார்த்திருப்பேன், அது எனக்கு உறைக்கவில்லை. குறுக்குப் பாதைகள் அப்படியே இருந்தன. கோச்சி வந்தால் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம்தான் ஊரை விட்டுப் போயிருந்தது.

4

ஜெறோம் எனக்கு ஏழு வயது இளையவன். கடைசிச் சண்டையில் ஷெல் துண்டு பட்டு வலது கால் முழங்காலோடு விறைத்துவிட்டது. முகாமிலிருந்து திரும்பியபோது கடலுக்குப் போக ஏலாத ஆளாகிவிட்டான். மனைவி பிலோமினா கருவாடு போட்டு வீட்டை நடத்தினாள். றோட்டு ரயில் பாதையைக் கடக்கிற கடவைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இவன் போய் நின்றான்.

ஒரு தகரக் கொட்டில், ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, றோட்டுக்குக் குறுக்கே இறக்க ஒரு மூங்கில் தடி. பாதை ஒரு இலாகாவுடையது. மணல் றோட்டு இன்னொரு அரசாங்கப் பகுதியுடையது. நாள்கூலியைக் கொடுப்பது மூன்றாவது பகுதி. நியமனக் கடிதம் கிடையாது. ஒரு பழைய கொப்பியில் பெயர் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நிரந்தரம் கேட்டுப் போனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார்கள். தண்டவாளம், ரயில், ஸ்ரேசன், கொடி எல்லாவற்றுக்கும் அரசாங்கம் என்ற ஒரே சொந்தக்காரர் இருந்தார். கொடியைப் பிடித்து நின்றவனுக்கு மட்டும் இல்லை. இங்கே பனிமூட்டத்தில் நான் நின்றது போலத்தான் அங்கே வெயிலில் அவன் நின்றான்.

கொட்டிலுக்கு ரெலிபோன் இல்லை. நேர அட்டவணையை நம்ப முடியாது. அதனால் கடவைக்காரர்கள் தங்களுக்குள்ளே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கோச்சி ஒருவனின் கடவையைத் தாண்டியதும் அவன் அடுத்தவனின் போனுக்கு ஒரு மிஸ்ட் கோல் அடிப்பான். இரண்டு றிங். எடுக்கக்கூடாது. றிங் வந்தால் தடியை இறக்க வேண்டும். ஜெறோமுக்கு முந்திய கடவையில் நின்றவன் நிஸ்தார். எருக்கலம்பிட்டிக்காரன். சண்டைக் காலத்தில் முஸ்லிம் சனத்தோடு சேர்த்து ஊரை விட்டுத் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தவன். அவனுடைய றிங்குக்கும் கோச்சிக்கும் நடுவில் ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் இருக்கும் என்று ஜெறோம் சொல்வான். அந்த இரண்டு றிங்கைத் தவிர அவனுக்கு வேறு சிக்னல் இல்லை.

இதைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் பெடியளின் மூளையைப் பார் என்று இங்கே எல்லாருக்கும் சொன்னேன்.

எங்கள் இருவருக்கும் போனில் சண்டை வருவதென்றால் இந்த ஒரு விஷயத்தில்தான்.

"அண்ணை, பிரைவேற்காரனுக்கு விக்கட்டும். அவன் வந்தால் ஒரு கேற்றாவது போடுவான்."

"விசரா, உனக்கு அவங்களைத் தெரியாது. தண்டவாளத்தை விட்டுட்டு லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவாங்கள்."

"பஸ்ஸைப் பாருங்கோவன். அடம்பன் றோட்டில பிரைவேற் பஸ் கை காட்டினா நிக்குது. கவுண்மென்ற் பஸ் எங்களுக்கு மண்ணைத் தூத்திப்போட்டுப் போகுது."

"கோச்சியும் பஸ்ஸும் ஒண்டோடா?"

"ஓம் அண்ணை, நீங்கள் அங்க இருந்து பாக்கிறனீங்கள், உங்களுக்குத் தெரியும்" என்று விட்டுக்கொடுத்துவிடுவான். உள்ளே சிரிப்பான் என்று எனக்குத் தெரியும்.

விட்டுக்கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா செத்த பிறகு நான்தான் அவனுக்கு அப்பா. நான் பேசும்போது அவன் இடையில் வெட்டமாட்டான். "சரி, வைக்கிறன்" என்று என் வாயிலிருந்து வரும் வரைக்கும் போனை வைக்கவும் மாட்டான். ஒருமுறை நான் பேசி முடிக்கும் வரை மழையில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறான். பிலோமினா சொல்லித்தான் தெரியும்.

என்னிடம் அவன் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "பின்னேரம் மூண்டு மணியில இருந்து கோச்சி போகுமட்டும் எனக்குக் கோல் எடுக்காதேங்கோ அண்ணை. என்ர போன் பழசு. நீங்கள் லைனில நிண்டா நிஸ்தாருக்குப் பிசி எண்டுதான் சொல்லும்." நான் அதைக் கவனமாகக் கடைப்பிடித்தேன். அங்கே ஐந்து மணி தாண்டினால்தான் கோல் எடுப்பேன்.

5

அது சோளகக் காற்று அடிக்கிற மாதம். இங்கே கோடை. நான் அப்போதும் பாதையில்தான் வேலை. அன்று காலை இணையத்தில் ஒரு செய்தி வாசித்தேன். ரயிலைத் தனியாரிடம் கொடுத்தால் என்ன என்று ஊரில் யாரோ ஒரு அரசியல்வாதி பேசியிருந்தார். எனக்குக் கொதித்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரும்வரை மனதுக்குள்ளேயே ஜெறோமோடு வாதாடிக்கொண்டிருந்தேன். மணியைப் பார்த்தேன். அங்கே ஐந்தே கால். எடுத்தேன்.

"அண்ணை, கோச்சி இன்னும் வரேல்ல. இண்டைக்குச் சுணங்குது."

"சுணங்கட்டும். நீ செய்தி பாத்தனியோ?"

"இல்ல அண்ணை. உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேணும்..."

"பொறு. முதல்ல நான் சொல்லுறதைக் கேள். விக்கப் போறாங்களாம். நீ சந்தோசப்படுவாய். உன்ர பிரைவேற்காரன் வாறான்."

சிரித்தான். காற்றின் இரைச்சல் பலமாகக் கேட்டது. சோளகம் அந்தப் பக்கத்தில் மண்ணையும் சத்தத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும்.

"அண்ணை, பிறகு கதைப்பமே? நிஸ்தார் அடிப்பான்."

"ரெண்டு நிமிசம்" என்றேன்.

"ஓம் அண்ணை."

என் மேலே செம்மஞ்சள் பாதுகாப்புச் சட்டை இருந்தது. வேலை செய்யும் பாதையை விட்டு ஏறி, வேலிக்கு வெளியே ஒரு கல்லில் இருந்துகொண்டுதான் கதைத்தேன், ஏனென்றால் பாதையில் போன் எடுப்பது விதிக்கு முரண். அன்று காலைகூட ஒரு புதுப் பெடியனுக்கு அந்தப் பாடத்தை நடத்தியிருந்தேன். ஆனால் நான் காவல் நிற்கிற ஒருவனோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன்.

குத்தகை என்றேன், ஏஜென்சி என்றேன். அந்தப் பனிமூட்டக் கதையையும் இன்னொரு தரம் சொன்னேன். அவன் இடையிடையே "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்றான். இரண்டு நிமிஷமல்ல. பத்து நிமிஷத்துக்குக் குறையாது.

பிறகு "அண்ணை" என்று ஒரு மாதிரியாகச் சொன்னான். அடுத்தது எனக்கில்லை. "ஏய்! நிப்பாட்டு! வானை நிப்பாட்டு!" என்று கத்தினான். போன் மண்ணில் விழுந்த சத்தம் கேட்டது. கோச்சியின் ஹோன் நீளமாகக் கேட்டது, நிற்கவேயில்லை. இரும்பும் இரும்பும் தேய்கிற சத்தம். அது முடிந்த பிறகு பிள்ளைகள் அழுகிற சத்தம். நான் "ஜெறோம், ஜெறோம்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். யாரோ போனை எடுத்தார்கள், மூச்சு வாங்குவது கேட்டது, லைன் அறுந்தது.

6

நடந்தது பிறகுதான் தெரியவந்தது. ரியூசனுக்குப் போன பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வான் வண்டி வந்திருக்கிறது. தடி மேலேதான் நின்றது, அதனால் வான்காரர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஜெறோம் நொண்டிக்கொண்டு ஓடி வானுக்கு முன்னால் நின்று, இரண்டு கையாலும் அதன் முகப்பில் அடித்துப் பின்னுக்குப் போகச் சொல்லியிருக்கிறான். வான் பின்னுக்குப் போனது. அவன் நின்ற இடம் தண்டவாளத்துக்குக் கிட்ட. விறைத்த காலோடு அவனால் திரும்ப முடியவில்லை. பிள்ளைகள் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவனுடைய போன் பிறகு கிடைக்கவேயில்லை.

ஊருக்கு அவன் தெய்வமானான். கோயிலில் பங்குச் சுவாமியார் அவனைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். ஆனால் 'அவன் எங்கள் ஆள் இல்லை' என்று மூன்று பகுதியும் மூன்று கடிதம் எழுதின. மாதம் முடிவதற்குள் விசாரணையும் நடந்தது. முந்திய கடவையில் நின்றவர் அறிவிக்க மறந்ததால் விபத்து நேர்ந்தது என்று எழுதினார்கள். அதாவது நிஸ்தார்.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. விடுப்புக் கேட்டேன். குத்தகை கை மாறுகிற வாரம் அது. பழைய முகாமையாளர் புதியவரிடம் கேள் என்றார், புதியவர் இன்னும் வந்து சேரவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துக்கொண்டு பேசத் தொடங்கினேன். மண்டபங்களில் பேசினேன். தமிழ் வானொலி ஒன்றில் ஒரு மணிநேரம் பேசினேன். அரசாங்கம் தன் சொத்துக்குக் காவல் நின்றவனைத் தன் ஆள் என்று சொல்லவில்லை என்றேன். கேற் இல்லை, மணி இல்லை, ஒரு மனிதனின் மறதியில் தொங்குகிற பாதுகாப்பு என்றேன். கேட்டவர்கள் அழுதார்கள். நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை, அந்த மறதியைத் தவிர.

என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கியிருந்த காலம். ஒருநாள் அவளாகவே வந்து, "சித்தப்பா ஆருக்கு வேலை செய்தவர்?" என்று தமிழில் கேட்டாள். நான் அரை மணிநேரம் பேசினேன். கடைசியில், "அப்பா, நான் ஒரு பெயர்தான் கேட்டனான்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். அதன்பிறகு அவள் என்னிடம் எதையும் விளக்கம் கேட்பதில்லை. கேக் வெட்டிய அன்று இரவுச் சாப்பாட்டில், "நீங்கள் கேட்டது கிடைச்சிட்டுதுதானே, இனி என்ன கதைக்கப் போறீங்கள்?" என்றாள். அவள் பகிடியாகத்தான் சொன்னாள். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

7

ஜெறோமின் முப்பத்தோராம் நாள் பூசைக்குத்தான் ஊருக்குப் போனேன். பூசை முடிந்ததும் சனம் கலைய, கோயில் மதிலுக்கு வெளியே ஒருவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். தன்னை நிஸ்தார் என்று சொன்னான். அவனைக் கடவையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஊரில் சிலர் முகத்துக்கு நேரே ஏசியிருந்தார்கள், அவனுடைய ஆட்களையும் சேர்த்து ஏசியிருந்தார்கள். அதனால் உள்ளே வரவில்லை.

"அண்ணை, நான் மறக்கேல்ல" என்றான். "மூண்டு தரம் அடிச்சனான். மூண்டு தரமும் பிசி."

"விசாரணையில மறந்துபோனன் எண்டெல்லோ சொல்லியிருக்கிறீர்?"

"ஓம். பிசி எண்டு நான் சொன்னா, வேலை நேரத்தில கதைச்சுக்கொண்டு நிண்டவன் எண்டு எழுதிப்போடுவினம். பிள்ளைகளைக் காப்பாத்தின மனிசன். அந்தப் பெயரோட போகட்டும் எண்டு நினைச்சன்." பிறகு, "அந்த நேரம் அவன் ஆரோட கதைச்சவன் எண்டு உங்களுக்குத் தெரியுமே அண்ணை?" என்று கேட்டான்.

அவன் என்னைச் சந்தேகித்துக் கேட்கவில்லை. அண்ணனுக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டான்.

"தெரியாது" என்றேன்.

தலையாட்டினான். "அல்லா அவனைப் பொருந்திக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்தேன். பிலோமினா ஒரு கடித உறையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கடவைக்காரர்களை நிரந்தரமாக்குவதற்கு நேர்முகப் பரீட்சை, ஜெறோம் வர வேண்டும் என்று இருந்தது. அவன் செத்த அன்று காலையில் வந்த கடிதம். பெரியாஸ்பத்திரிப் பக்கம் போய் மருத்துவச் சான்றிதழ் எடுக்க வேண்டும், புதுச் சேட்டு ஒன்று வாங்க வேண்டும் என்று குழந்தைப்பிள்ளை மாதிரிக் குதித்தானாம்.

"உங்களுக்குத்தான் முதல்ல சொல்லவேணும் எண்டு நிண்டவர், அத்தான்" என்று அழுதாள். "கவுண்மென்ற்காரன் கடைசியா எங்களையும் தன்ர ஆள் எண்டு சொல்லப்போறான், அண்ணை சொன்னது சரி எண்டு சொல்லவேணும் எண்டவர். உங்களோட ஒரு வார்த்தை கதைக்காமலே போயிட்டார்."

"ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லோடு விமானம் ஏறிவிட்டேன். இத்தனை வருஷமாக ரயில் யாருக்குச் சொந்தம் என்று பேசித்தான் அதை மூடி வைத்திருந்தேன். இப்போது இங்கேயும் ரயில் அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டது. இனி அரசாங்கத்தின் தலையிலும் போட முடியாது, கம்பனியின் தலையிலும் போட முடியாது. நான் இதை எழுதுகிற இந்தப் பத்திரிகை ஊருக்கு வருகிறது. ஒரு பிரதி பிலோமினாவின் கைக்கும், ஒரு பிரதி எருக்கலம்பிட்டியில் நிஸ்தாருக்கும் போய்ச் சேர ஏற்பாடு செய்திருக்கிறேன்.

பிலோமினா, அவன் என்னோடு கதைத்தான். ஒரு விஷயம் சொல்ல வேணும் என்று தொடங்கினான், நான்தான் பொறு என்றேன். நிஸ்தார் மறக்கவில்லை. அவன் மூன்று தரம் அடித்தபோதும் லைனில் இருந்தவன் நான்.